படகு இல்லாத ஊருக்குப் படகுக் காவலா?

கடலோரக் காவல் என்றதும் ராமேஸ்வரமும் தூத்துக்குடியும் நாகப்பட்டினமும்தான் நினைவுக்கு வரும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ அந்தப் பேச்சை எடுத்தால், ‘இங்க கடல் எங்கய்யா இருக்கு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பழைய ராமநாதபுரம் மாவட்டம் 1985-ல் மூன்றாகப் பிரிந்தபோது கடற்கரை ராமநாதபுரத்தோடேயே நின்றுவிட்டது. விருதுநகருக்கு வந்தவை கரிசல் காடும் மலையடிவாரமும் கண்மாய்களும்தான்.

ஆனால், தண்ணீரில் ஆள் சாவதற்குக் கடல் வேண்டியதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-ல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி இறந்தவர்கள் 38 ஆயிரம் பேருக்கும் மேல். ஐப்பசி, கார்த்திகையில் மலையில் மழை இறங்கி, கண்மாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெருகி மறுகால் பாயத் தொடங்கினால், ‘கண்மாயில் குளிக்கச் சென்ற மாணவர்கள்...’ என்று ஆரம்பிக்கும் நாலு வரிச் செய்தியும் கூடவே வந்துவிடும். தென்மாவட்டப் பதிப்புகளைப் படிப்பவர்களுக்கு அது பழகிப்போன செய்தி. அதில் பல நேரம் இரண்டு பெயர்கள் இருக்கும். ஒருவர் தவறி விழுந்தவர், இன்னொருவர் அவரைக் காப்பாற்றக் குதித்தவர்.

வேறு நாடுகளில் ஏரிகளுக்கென்றே ரோந்துக் காவல் இருக்கிறது. அது எப்படி வேலை செய்கிறது, அதில் எது இந்த ஊர்களுக்கு ஆகும், எது ஆகாது என்று பார்க்கலாம்.

தடுப்பதுதான் ரோந்து

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துக்கு ‘பத்தாயிரம் ஏரிகளின் நாடு’ என்று பெயர். அங்கே ஒவ்வொரு கவுண்டியிலும், அதாவது நம்ம ஊர்க் கணக்கில் மாவட்டம் போன்ற பகுதியில், ஷெரீப் என்ற காவல் அதிகாரி இருக்கிறார். ஏரியில் ரோந்து போவதும், மூழ்கியவரைத் தேடுவதும் அவர் அலுவலகத்தின் சட்டப்படியான கடமை. கடல் கிடையாது, கடலோரக் காவல் படைக்கு அங்கே பெரிய வேலையும் கிடையாது. உள்ளூர்க் காவலர்தான் ஏரிக்கும் காவலர்.

சினிமாவில் பார்ப்பதுபோல சைரன் ஒலிக்க விரைந்து போய் மூழ்குபவரைத் தூக்குவதுதான் அவர்கள் வேலை என்று நினைத்தால் தப்பு. பெரும்பாலான நாட்களில் அவர்கள் செய்வது சலிப்பூட்டும் வேலை. படகை நிறுத்தச் சொல்லி உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஏறியிருப்பவர்கள் எத்தனை பேர், லைஃப் ஜாக்கெட் எத்தனை என்று எண்ணுவார்கள். குழந்தைகள் அதைக் கையில் வைத்திருந்தால் போதாது, போட்டிருக்க வேண்டும். மினசோட்டாவில் ஓடும் படகில் இருக்கும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அது கட்டாயம். ஓட்டுபவர் குடித்திருக்கிறாரா என்று பார்ப்பார்கள். நீருக்கடியில் பாறையோ மேடோ இருக்கும் இடத்தில் மிதவை கட்டி அடையாளம் வைப்பார்கள். பொழுது சாய்ந்தும் விளக்கில்லாமல் சுற்றும் படகைக் கரைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அவ்வளவுதான்.

இந்தச் சலிப்பான வேலைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. படகு விபத்துகளில் மூழ்கி இறந்தவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கும் மேல் லைஃப் ஜாக்கெட் போடாதவர்கள் என்று அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவருகின்றன. மூழ்கும் ஒருவருக்கு இருக்கும் அவகாசம் சில நிமிடங்கள்தான். மூளைக்கு ஆக்சிஜன் நின்றால் நாலைந்து நிமிடத்திலேயே சேதம் தொடங்கிவிடும். எவ்வளவு வேகமான படகு இருந்தாலும் அந்த நேரத்துக்குள் போய்ச் சேருவது அதிர்ஷ்டம். ஆகவே, காவல் என்பது விபத்து நடந்த பிறகு போவதல்ல, படகு கரையை விட்டு நகரும் முன்பே நிற்பது.

பக்கத்திலேயே இருக்கும் பாடம்

இதைப் புரிந்துகொள்ள மினசோட்டா வரை போகவே வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்தின் மலைகளைத் தாண்டினால் அந்தப் பக்கம் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே தேக்கடி ஏரியில் 2009 செப்டம்பர் 30 அன்று மாலை கேரளச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சேவைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு. கரையில் விலங்குகளைப் பார்ப்பதற்காகப் பயணிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. புயலும் இல்லை, அலையும் இல்லை. தேக்கடியில் படகு ஏறுகிற எல்லோருக்கும் இன்று லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறார்களே, அது அந்த 45 உயிர்களுக்குப் பிறகு வந்த ஒழுங்கு.

2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் மீன்பிடிப் படகில் உல்லாசமாகப் போனவர்களில் 22 பேர் திரும்பவில்லை. 2023 மே 7-ஆம் தேதி மலப்புரம் மாவட்டம் தானூரில் இன்னொரு 22 பேர். அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மேல் ஆள், இருட்டிய நேரம்.

இந்த வரிசையில் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நெருக்கமானது வதோதராதான், தூரத்தில் அல்ல, தன்மையில். அங்கே ஹர்ணி ஏரியில் 2024 ஜனவரி 18 அன்று பள்ளிச் சுற்றுலா வந்த குழந்தைகள் ஏறிய படகு கவிழ்ந்தது. 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். ஹர்ணி காட்டுக்குள் இருக்கும் நீர்த்தேக்கம் அல்ல. நகருக்குள் இருக்கும் ஏரி. கரையைச் செப்பனிட்டு, நடைபாதை போட்டு, விளக்கு வைத்து, குத்தகைக்கு விட்டு, படகும் விட்டார்கள். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார்கள். குழந்தைகள் பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. படகுத்துறையில் நின்று, ‘இதுக்கு மேல ஏறக் கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் கொண்ட ஒரே ஒரு ஆள் அன்று இருந்திருந்தால் போதும். கரைக்கு நடைபாதை போட டெண்டர் விடத் தெரிந்தவர்களுக்கு, அந்த ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்கத் தோன்றவில்லை.

தமிழ்நாட்டிலும் ஊருக்கு ஊர் கண்மாயை அழகுபடுத்தும் ஆசை வந்துவிட்டது. நல்ல ஆசைதான், குறை சொல்வதற்கில்லை. வத்திராயிருப்புக்கு அருகே பிளவக்கல்லில் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் இருக்கின்றன. மலையை ஒட்டிய அந்தத் தண்ணீரைப் பார்க்கிற எவருக்கும் ‘இங்க ஒரு போட் விட்டா எப்படி இருக்கும்’ என்று தோன்றும். அப்படி எங்கேயாவது விடும் நாளில், படகு வாங்குவதற்கு முன்பே துறையில் நிற்கும் ஆளை நியமிக்க வேண்டும் என்பதுதான் ஹர்ணி சொல்வது.

இங்கே ஓடும் படகு எது?

‘படகே இல்லையே, பிறகென்ன காவல்?’ என்பவர்கள் விடிகாலையில் ஒரு கண்மாய்க் கரைக்குப் போய்ப் பார்க்கலாம். மீன்பாசி ஏலம் எடுத்தவரின் ஆட்கள் வலை போட்டுக்கொண்டிருப்பார்கள். கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை. அவர்கள் உட்கார்ந்திருப்பது தெர்மாகோல் மிதவையாக இருக்கும், இல்லாவிட்டால் காற்றடைத்த லாரி டியூப், எங்கேயாவது பரிசல். லைஃப் ஜாக்கெட் போட்டவரைப் பார்ப்பது அரிது. ‘நீச்சல் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு’ என்பது பதில். வலை காலில் சுற்றிக்கொண்டால் நீச்சல் உதவாது என்பது அவர்களுக்கும் தெரியும். அவர்கள் கரையேறிப் போன பிறகு அந்த மிதவையை எடுத்துக்கொண்டு உள்ளே போகும் பையன்களுக்குத்தான் எதுவும் தெரியாது.

கண்மாய்க்கே உரிய ஆபத்துகள் தனி. பார்க்க இடுப்பளவுத் தண்ணீர் மாதிரி இருக்கும். கோடையில் கரம்பை அள்ள பொக்லைன் வைத்துத் தோண்டிய குழி, தண்ணீர் ஏறியதும் கண்ணுக்கு மறைந்துவிடும். இரண்டு எட்டு முழங்கால் தண்ணீரில் நடந்தவர் மூன்றாவது எட்டில் தலைக்கு மேல் போய்விடுவார். வண்டல் எடுப்பது விவசாயத்துக்கும் நல்லது, கண்மாய்க்கும் நல்லது. ஆனால் ஒரே சீராக எடுக்காமல் ஆங்காங்கே கிணறு மாதிரி தோண்டிவிட்டுப் போவதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. இன்னொன்று சீமைக்கருவேலம். உள்வாயில் வளர்ந்து நிற்கும் முள்மரம் தண்ணீருக்கடியில் போனால் அது விரித்துவைத்த வலைதான். மடைக்குப் பக்கத்தில் இழுப்பு. கலுங்கில் பாசி.

அந்தக் காலத்தில் இதையெல்லாம் அறிந்த ஒருவர் கண்மாய்தோறும் இருந்தார். மடை திறக்கிறவர், நீர்பாய்ச்சி என்று ஊருக்கு ஊர் பெயர் வேறு. தண்ணீருக்கடியில் மூழ்கி மடையைத் திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. எங்கே பள்ளம், எங்கே இழுப்பு, எங்கே முள் என்பது அவருக்குத் தெரியும். ‘ஏய், அங்க இறங்காதே’ என்று கரையிலிருந்து அதட்டுகிற குரல் அவருடையது. கிணற்றுப் பாசனம் பெருகி, கண்மாய்ப் பாசனம் சுருங்கியபோது அந்த வேலையும் மங்கியது. அவருக்குப் பதில் வேறு யாரும் வரவில்லை. அவருக்கு ஊர் கொடுத்த கூலியும் மரியாதையும் எவ்வளவு குறைவு என்பது வேறு கதை.

ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் கோயிலின் பெயரே நீர்காத்த அய்யனார் கோயில். மலையில் மழை பெய்தால் அங்கே ஆற்றில் சட்டென்று வெள்ளம் இறங்கும். மறுகரையில் மாட்டிக்கொண்ட பக்தர்களைக் கயிறு கட்டி மீட்ட செய்திகள் மழைக்காலத்தில் வந்திருக்கின்றன. 2015 மே மாதம் சதுரகிரி மலைப் பாதையில் காட்டாற்று வெள்ளம் பக்தர்களின் உயிரைப் பறித்தது. இப்போது மழை எச்சரிக்கை வந்தால் தாணிப்பாறையிலேயே வனத்துறை வழியை அடைத்துவிடுகிறது. பக்தர்கள் முணுமுணுப்பார்கள், ஆனாலும் திரும்பிப் போவார்கள். கேட்டில் ஒருவர் நின்று ‘இன்னைக்குப் போக முடியாது’ என்று சொன்னால் இந்த ஊர் கேட்டுக்கொள்ளும் என்பதற்கு அதுவே சாட்சி. கண்மாய்க்குக் கேட் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

தண்ணீருக்குப் பல முதலாளிகள், உயிருக்கு?

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். மீன் ஒரு கணக்கு. வண்டல் மண்ணுக்கு வருவாய்த் துறையும் கனிமவளத் துறையும். காட்டுக்குள் என்றால் வனத்துறை. மரத்தை ஏலம் விடவும், மண்ணை அள்ள அனுமதி கொடுக்கவும், மீனுக்குப் பணம் வாங்கவும் ஆள் உண்டு. அங்கே ஒரு பிள்ளை மூழ்காமல் பார்த்துக்கொள்வது யார் வேலை என்று கேட்டால், ஒவ்வொரு ஆபீசும் அடுத்த ஆபீசைக் கைகாட்டும்.

தமிழ்நாடு காவல் துறையில் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1994 முதல் இருக்கிறது. ரோந்துப் படகுகளும் கடலோரக் காவல் நிலையங்களும் அதனிடம் உண்டு. மெரினாவில் அலையில் சிக்கியவர்களை மீட்கும் உயிர்காக்கும் பிரிவும் அதன் கீழ்தான் இயங்குகிறது. நல்ல வேலை. ஆனால் அதன் எல்லை கடலோரம். விருதுநகர் மாவட்டத்தில் ஒருவர் மூழ்கினால் கூப்பிட வேண்டியது 101 அல்லது 112. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. வீரர்கள் வருவார்கள், உயிரைப் பணயம் வைத்து இறங்குவார்கள். அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் ஊரிலிருந்து கண்மாய்க்கு வண்டி வந்து சேரும் நேரமும், மூழ்குபவருக்கு இருக்கும் நேரமும் ஒன்றல்ல. பெரும்பாலும் அவர்கள் உடலைத்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள்.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1917-ஆம் ஆண்டின் பழைய சட்டத்துக்குப் பதிலாக வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021, இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் பரிசோதனையும் உயிர்காப்புக் கருவிகளும் கட்டாயம் என்கிறது. இயந்திரமில்லாத படகுகளைப் பதிவேட்டில் ஏற்றும் வேலையை உள்ளாட்சிகளிடம் விடவும் அதில் வழி இருக்கிறது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2017-லேயே படகுப் பாதுகாப்பு வழிகாட்டுதலை வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் தானூர், அதற்கும் பிறகுதான் ஹர்ணி.

என்ன செய்யலாம்?

கண்மாய்க்குக் கண்மாய் ரோந்துப் படகு வாங்குவது வீண் செலவு. ஆண்டில் பாதி நாள் தண்ணீரே இல்லாத இடத்தில் படகு வெயிலில் கிடந்து வெடிக்கும். தேவை ஆள்தான். அதுவும் ஆண்டு முழுக்க அல்ல. கண்மாய் நிரம்பும் ஐப்பசியிலிருந்து தை வரை, பிறகு தண்ணீர் கிடந்தால் கோடை விடுமுறையில். பள்ளி விட்ட மாலையும் ஞாயிறும். உள்ளூர்க்காரராக, தண்ணீர் தெரிந்தவராக இருந்தால் போதும். நீர்பாய்ச்சிக் குடும்பங்களிலும் மீன்பிடிப்பவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவருக்கு ஒரு சீருடை, ஒரு விசில், நாள் சம்பளம், உயிர் மீட்புப் பயிற்சி. சீருடை முக்கியம். அது இல்லாவிட்டால் ‘நீ யாரு கேக்க?’ என்பார்கள்.

கரையில் என்ன இருக்க வேண்டும்? நீளமான கயிறு கட்டிய டியூப், ஒரு நீண்ட மூங்கில், நாலு லைஃப் ஜாக்கெட். பள்ளம் இருக்கும் இடத்தில் சிவப்புக் கொடி கட்டிய கம்பு. கோடையில் தண்ணீர் வற்றிக் கிடக்கும்போதே நட்டுவிட்டால், மழைக்காலத்தில் குழி எங்கே என்று தேட வேண்டியதில்லை.

கயிற்றை ஏன் முதலில் சொல்ல வேண்டும்? 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். அங்கே இருந்த மூன்று பெண்கள் தங்கள் சேலைகளை அவிழ்த்து வீசி, பிடித்துக்கொள்ளச் சொல்லி இழுத்தார்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண்களுக்குத் தமிழக அரசு கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. உலகம் முழுக்க மீட்புப் பயிற்சியில் சொல்லித்தருவதும் அதே வரிசைதான். முதலில் எதையாவது நீட்டு, எட்டாவிட்டால் எறி, அதற்கும் எட்டாவிட்டால் மிதவையோடு போ. வெறுங்கையோடு குதிப்பது கடைசி, அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டும். மூழ்குகிறவர் கையில் எது சிக்கினாலும் அதன்மேல் ஏறத்தான் பார்ப்பார். அது அண்ணனின் கழுத்தாக இருந்தாலும் சரி.

மேலே தூக்கிய பிறகும் ஒரு தவறு நடக்கிறது. தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. இரண்டுமே நேர விரயம், ஆபத்தும்கூட. மூச்சு இல்லையென்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, மார்பை அழுத்த வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க அரை நாள் போதும். இரண்டு ஊர்களிலும் கல்லூரிகள் உண்டு, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உண்டு. பொதுமக்களுக்கு மீட்புப் பயிற்சியும், பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் என்பது உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதுதான். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தருவது இந்தப் பக்கம் இன்னும் அபூர்வம். துணி துவைக்க, மாடு குளிப்பாட்ட கண்மாயில் இறங்குபவர்களில் அவர்களும் உண்டு என்பதை யாரும் யோசிப்பதில்லை.

‘காவல் என்று ஆள் போட்டால் வசூல் ஆரம்பித்துவிடும்’ என்று ஒரு எதிர்ப்பு வரும். பயம் நியாயமானதே. ஆகவே, அந்த ஆளுக்கு அபராதம் போடும் அதிகாரமே வேண்டாம். தடுக்கும் அதிகாரம் போதும். மீறினால் காவல் நிலையத்துக்குப் போன் செய்யட்டும். ‘காலங்காலமா குளிக்கிற கண்மாயில குளிக்கக் கூடாதா?’ என்பது இன்னொன்று. தாராளமாகக் குளிக்கலாம். எந்தப் படித்துறையில், எந்தக் கொடிக்கு இந்தப் பக்கம் என்பதைச் சொல்லத்தான் அவர். சும்மா ‘இங்கே குளிக்கத் தடை’ என்று போர்டு மட்டும் வைத்துவிட்டுக் கடமை முடிந்தது என்று போவதற்கு, வைக்காமலே இருக்கலாம். அந்தப் போர்டில் சட்டையைத் தொங்கவிட்டுத்தான் பையன்கள் இறங்குகிறார்கள்.

இரண்டு ஊர்க்காரர்களுக்கும் இது புதிய ஏற்பாடும் அல்ல. கோயில் தெப்பம் ஓடும்போது என்ன நடக்கிறது? மிதவை தாங்குமா என்று முதலில் பார்க்கிறார்கள். யார் ஏறலாம், எத்தனை பேர் ஏறலாம் என்பதில் கண்டிப்பு உண்டு. இழுப்பதற்குக் கயிறு, கரையில் தீயணைப்பு வண்டி, கூட்டத்தைத் தடுக்கப் போலீஸ். சாமி ஏறும் தெப்பத்துக்குச் செய்கிறோம்.

பணம் எங்கிருந்து வரும் என்றால், கண்மாயிலிருந்தே வரட்டும். மீன்பாசி ஏலத் தொகையில் ஒரு சிறு பங்கைக் கரைக் காவலருக்கு ஒதுக்கலாம். குத்தகை நிபந்தனையில் இரண்டு வரி சேர்க்கலாம்: மிதவையில் ஏறும் ஒவ்வொருவருக்கும் குத்தகைதாரர் லைஃப் ஜாக்கெட் வாங்கித்தர வேண்டும். வேலை முடிந்ததும் மிதவைகளைச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும். இதற்குச் சட்டசபை கூட வேண்டியதில்லை, நிதிநிலை அறிக்கை வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த ஏல அறிவிப்பை டைப் அடிக்கும்போது ஒன்றிய அலுவலகத்தில் ஐந்து நிமிட வேலை.